நூற்றெண்பது கண்ணிகள்

"அன்னைக்கு எம் பொண்ணு என்ன சொல்ல வந்தாளுங்க?"

வாசலில் நின்றபடியே மரகதம் கேட்டாள். வணக்கம் சொல்லவில்லை. தோளில் தொங்கிய பையை இறக்கவும் இல்லை.

மாசிலாமணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"உள்ள வாங்கம்மா. எந்தப் பொண்ணு?"

"எனக்கு இருந்தது ஒண்ணுதானுங்க."

*

மாசிலாமணியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோத்தகிரிக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் தகரக்கூரை போட்ட ஒற்றையறை வீடு அவருடையது. வயது நாற்பது. தாடி கிடையாது, காவி கிடையாது. முன்பு ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் வேலை பார்த்தாராம்.

கம்பளி நூலில் குரோஷா ஊசியால் போர்வை பின்னுவார். ஒரு வேளைக்கு ஒரு சோறு, ஒரு குழம்பு சமைப்பார். இது என்ன தவமா என்று கேட்டவர்களிடம் பொழுதுபோக்கு என்று பதில் சொன்னார். யாரும் நம்பவில்லை. ஊருக்கு ஒரு சாமியார் தேவைப்பட்டது, இவர் மாட்டிக்கொண்டார்.

சாமியார் பின்னிய போர்வை என்று கேட்டு வாங்கிப் போவார்கள். விரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். நான்கு மூலையும் ஒழுங்காக அமைந்த போர்வை ஒன்றைக்கூட அவர் வாழ்நாளில் பின்னியதில்லை. சமையலும் அப்படித்தான். ஒருநாள் சோறு குழையும், மறுநாள் நறுக்கென்று நிற்கும். அருள் என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

*

மரகதம் காங்கேயத்துக்காரி. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்திரண்டு வயது. மகள் சுகந்தியைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன், ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், சுகந்தி சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டுக்கு வந்தாள். பத்தரை மணிக்கு வந்தாள். மத்தியானம் சாப்பிட்டாள். நாலு மணிக்குக் கிளம்பிப் போனாள்.

ஒன்பதாம் நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள்.

கடிதம் எதுவும் எழுதி வைக்கவில்லை. வயிற்றுவலி தாங்காமல் என்று போலீஸ் காகிதத்தில் எழுதினார்கள். சுகந்திக்கு வயிற்றுவலி வந்ததே கிடையாது.

அன்றிலிருந்து மரகதத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கேள்விதான். சும்மா வருகிறவள் இல்லை சுகந்தி. வேலை நாளில், மாமியாரிடம் ஏதோ பொய் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். எதையோ சொல்லத்தான் வந்திருக்கிறாள். என்ன அது?

ஜோசியரிடம் கேட்டாள். விடைபெற்றுப் போக வந்தாள் என்றார் அவர். மனநல டாக்டரிடம் கேட்டாள். உங்கள்மீது தவறில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அருள்வாக்குச் சொல்கிற ஒருத்தி நாற்பத்தெட்டு நாள் நெய்விளக்கு போடச் சொன்னாள். போட்டாள். நாற்பத்தொன்பதாம் நாளும் விடிந்தது, வேறு எதுவும் நடக்கவில்லை.

கணவரிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருப்பார். மூன்று வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

*

இவ்வளவையும் சொல்லி முடிக்க மரகதத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மாசிலாமணி குறுக்கே பேசவில்லை. உரித்த வெங்காயம் காய்ந்து போயிருந்தது.

"அன்னைக்கு என்னம்மா பேசுனாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே பேசலீங்க. வந்தா, சாப்புட்டா, போயிட்டா."

"அஞ்சரை மணி நேரம் இருந்திருக்காங்களே."

"நான் சமையக்கட்டுல இருந்தனுங்க. அவளுக்குப் புடிச்சதெல்லாம் பண்ணுனேன். கத்திரிக்காப் புளிக்கொழம்பு, உருளைக்கெழங்கு வறுவல், சேமியாப் பாயசம். ஒரு கொறையும் வெக்கலீங்க."

"சாப்பிட்டப்புறம்?"

"போர்வை பின்னீட்டு இருந்தேன். அதுவும் அவளுக்குத்தான். தீவாளிக்குக் குடுக்கலாம்னு."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பின்னத் தெரியுமா?"

எதிரே ஒருத்தி செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள், இந்த மனிதர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். எழுந்து போய் மூலையிலிருந்து தன் போர்வையை வேறு எடுத்து வந்து அவள் முன்னால் விரித்தார். அது வழக்கம்போலக் கோணிக்கொண்டு கிடந்தது.

"எனக்கு அளவே வர மாட்டேங்குதும்மா. ஒரு போர்வை எனக்குப் பின்னிக் குடுங்க."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"போர்வை முடியற அன்னைக்குச் சொல்றேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அவளை நீங்க பாத்ததுகூட இல்லை."

"அன்னைக்குக் கேளுங்க," என்றார்.

மரகதம் இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்துவிட்டாள். எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. நம்பிக்கை வந்து நின்றுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். திரும்பிப் போனால் சத்தமில்லாத அந்த டி.வி. இருக்கிறது, அவ்வளவுதான்.

*

பக்கத்து வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கோத்தகிரிக் கடைவீதியில் அவளே போய்ச் சாம்பல் நிறக் கம்பளி நூல் வாங்கி வந்தாள். வேறு நிறம் எடுக்கக் கை போகவில்லை.

மூன்று வருஷமாக அவள் ஊசியைத் தொட்டதில்லை. சுகந்தியின் போர்வை பாதியில் நின்றிருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

முதல்நாள் நூல் விரலில் நிற்கவில்லை. கண்ணி கண்ணியாக முதல் வரிசைக்கு அடிச்சங்கிலி போடுவதற்குள் நாலு தடவை பிரித்தாள்.

"எத்தனைம்மா?" என்று மாசிலாமணி கேட்டார்.

"நூத்தியெம்பது கண்ணி. ரெட்டைக் கட்டிலுக்கு அதான் கணக்கு. நூத்தி நாப்பது வரிசை போகணும்."

கணக்கைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. மூன்று வருஷத்தில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த முதல் விஷயம் இது.

*

இரண்டாம் நாள் காலை ஒரு சண்டை.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி மாசிலாமணியிடம் வந்தாள். புருஷன் சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கிறான் என்பது அவள் குறை. தினமும் நடப்பதுதான், புதிதாக ஒன்றுமில்லை. மாசிலாமணி அப்போது ஒரு வரிசையின் நடுவே இருந்தார். அவள் வாயைத் திறந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணி நழுவியது. நூல் உருண்டு போய் இரண்டு வரிசை பிரிந்தது. ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. அவர் அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், போனாள். அவர் பதிலாக ஒரு வார்த்தையும் சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு ஊசியை எடுத்தார். எந்த இடத்தில் விட்டோம் என்று தடவிப் பார்த்தார். தோராயமாக ஒரு கண்ணியில் குத்தி மேலே பின்ன ஆரம்பித்தார்.

மரகதத்துக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க, அந்த வரிசையை முடிச்சுட்டுக் கேட்டா என்ன கொறைஞ்சு போச்சு? அவ எங்க ஓடியா போறா?"

மாசிலாமணி அவள் பேசியதால் மறுபடியும் ஊசியைக் கீழே வைத்தார். மறுபடியும் கண்ணி நழுவியது.

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

*

ஐந்தாம் நாளிலிருந்து சமையலையும் அவளே எடுத்துக்கொண்டாள். அந்த ரசத்தைக் குடிப்பதற்குப் பட்டினியே இருக்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருநாள் அரிசிம்பருப்புச் சோறு. ஒருநாள் கொள்ளு கடைந்து ரசம். ஒருநாள் தேங்காய்த் துவையலும் கஞ்சியும். சின்ன வெங்காயமும் சீரகமும் நல்லெண்ணெயில் பொரிகிற வாசம் கீழே சாலை வரைக்கும் போயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் என்ன வாசம் என்று நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மரகதம் மட்டும் சாப்பிட மாட்டாள். தட்டில் போட்டுக்கொள்வாள், பிசைவாள், வைத்துவிடுவாள். சோற்றைப் பார்த்தால் சுகந்தி பாயசம் குடித்த கிண்ணம் ஞாபகம் வந்துவிடும். பாயசத்தில் பாதியை அவள் மிச்சம் வைத்திருந்தாள். வயிறு சரியில்லையோ என்று அன்றைக்கு மரகதம் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கிண்ணத்தைத் துலக்கிவிட்டாள்.

*

எட்டாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தாள்.

சுகந்தி என்ன சொல்ல வந்திருக்கலாம் என்று மூன்று வருஷமாக எழுதி வைத்தது. புருஷன் அடித்திருக்கலாம். மாமியார் நகை கேட்டிருக்கலாம். அவனுக்கு வேறொருத்தி இருந்திருக்கலாம். உண்டாகியிருந்து கலைந்திருக்கலாம். திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்ல வந்திருக்கலாம். இப்படி முப்பத்தொன்று.

ஒவ்வொன்றாகப் படித்தாள். மாசிலாமணி முப்பத்தொன்றையும் கேட்டார்.

"இதுல எதும்மா?"

"எல்லாமே செரியாத்தான் தெரியுதுங்க. ஒவ்வொண்ணையும் நெனைக்கறப்ப இதுதான்னு தோணுது. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு நாள் அழுவறேன்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"பண்றதுக்கு என்னங்க இருக்குது? அவதான் போயிட்டாளே. தெரியாமச் சாகக் கூடாது. அவ்வளவுதான்."

பிறகு அவளே சொன்னாள். பதில் கிடைக்காமல் இந்த மலையை விட்டு இறங்கப் போவதில்லை. இங்கேயும் கிடைக்காவிட்டால் இனிமேல் கேட்பதற்கு ஆளும் இல்லை, இருப்பதற்குக் காரணமும் இல்லை. சத்தமில்லாமல், சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் இதையும் சொன்னாள்.

மாசிலாமணி பயந்துவிட்டார். அதை மறைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை வரிசை ஆச்சும்மா?" என்று கேட்டார்.

"அம்பத்திமூணு."

"பின்னுங்க," என்றார்.

*

பன்னிரண்டாம் நாள் போர்வையில் ஒரு கண்ணி குறைந்தது.

வரிசையின் முடிவில் எண்ணினால் நூற்றெழுபத்தொன்பது வந்தது. மரகதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே கீழே தேடிப் போனாள். மூன்று வரிசைக்கு முன்னால், ஓரத்தில், கடைசிக் கண்ணியைக் குத்தாமல் திரும்பியிருந்தாள். மூன்று வரிசையையும் உருவினாள். ஒரு மணி நேர வேலை.

"ஒரு கண்ணிதானேம்மா," என்றார் மாசிலாமணி. "யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமுங்களே."

மறுபடியும் பின்ன ஆரம்பித்தாள். இந்தத் தடவை வாய்விட்டு எண்ணினாள். அதுதான் அவள் பழைய வழக்கம் என்றாள். சுகந்தி கைக்குழந்தையாக இருந்தபோது பின்னக் கற்றுக்கொண்டதாம். இத்தனை வருஷத்தில் அவள் முடித்துக் கொடுத்த ஒரு போர்வையிலும் ஒரு கண்ணி கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் மரகதம் போர்வை என்றால் தனி மரியாதை.

"நான் எண்ணீட்டு இருந்தா எங்க ஊட்டுல ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க," என்றாள். "பழகீட்டாங்க. கூரையே விழுந்தாலும் வரிசை முடியாம நான் நிமிர மாட்டேன்."

அதைச் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது அவளுக்கு.

மாசிலாமணி எழுந்து வெளியே போனார். பொழுது சாயும் வரை தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். கூப்பிடலாமா என்று மரகதம் நினைத்தாள். அப்போது நூற்றுப்பத்தாவது கண்ணியில் இருந்தாள்.

*

பதினேழாம் நாள்.

காலையில் ஆரம்பித்தது, மத்தியானம் வரை கை நிற்கவில்லை. ஊசி தானாகப் போய் வந்தது. வரிசை மேல் வரிசை ஏறியது. இடையில் பருப்பை வேகப் போட்டாள். தாளித்தாள். தக்காளி புளிப்பாக இருந்ததால் ஒரு துண்டு வெல்லம் போட்டாள். ருசி பார்த்தாள். நன்றாக வந்திருந்தது. தன்னையறியாமல் ஏதோ ஒரு பழைய மெட்டை முணுமுணுத்தாள்.

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். பெரிய அழுகை. மகள் இறந்த அன்றைக்குக்கூட இப்படி அழுததில்லை, அன்றைக்கு வந்தவர்களுக்குக் காபி போடச் சொல்லி உள்ளே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"மூணு மணி நேரமுங்க. மூணு மணி நேரம் அவ ஞாபகமே வரலை. என்ன பொம்பளைங்க நான்?"

மாசிலாமணி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லவில்லை. அழாதீர்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவள் அழுது ஓயும் வரை உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிப்போயிற்று.

இரண்டு பேரும் ஆறிய சோற்றைச் சாப்பிட்டார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் தட்டைக் காலி செய்தது அன்றைக்குத்தான்.

"நல்லா இருந்துதுங்களா?" என்று கேட்டாள்.

"நாக்குக்கு ருசியே தெரியலம்மா. நீங்க அழுதுக்கிட்டிருந்தீங்க."

இவரைத் திருத்த முடியாது என்று மரகதம் நினைத்தாள்.

*

இருபத்திரண்டாம் நாள் நூற்று முப்பத்தொன்பது வரிசை முடிந்திருந்தது. கடைசி வரிசை ஒன்றுதான் பாக்கி.

காலையிலிருந்து மேகம் இறங்கி வீட்டைச் சுற்றி நின்றது. மரகதம் குளித்து, தலை சீவி, பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. சுகந்தி சொல்ல வந்தது இன்றைக்குத் தெரிந்துவிடும். பொய்யாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, யாராவது ஒருவர் வாயால் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

அன்று சமையல் தானே செய்வதாக மாசிலாமணி சொன்னார். மூன்றரை மணிக்குத்தான் முடித்தார், அதுவும் வெறும் கஞ்சி. உப்பு குறைவு. அவள் அப்படியே குடித்தாள்.

குடித்ததும் கேட்டாள். "இப்பச் சொல்றீங்களா?"

"வரிசை இருக்குதேம்மா."

உட்கார்ந்தாள். போர்வை அவள் மடியை மூடிக் கால்வரை வழிந்தது. கனமாக, கதகதப்பாக, நான்கு பக்கமும் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. இவ்வளவு நல்ல போர்வையை அவளே அதற்குமுன் பின்னியதில்லை. கடைசி வரிசை கோணிவிடக் கூடாது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

ஐம்பது. அறுபது. கை சூடு பிடித்தது. எழுபது, எண்பது. வெளியே மேகம் இருந்தது தெரியவில்லை. வீடு தெரியவில்லை. நூலும் ஊசியும் எண்ணும் மட்டும் இருந்தன.

மாசிலாமணி தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார். வழக்கமாக எதிர்ச் சுவரோரம் உட்காருகிறவர் இன்று அவள் பக்கத்தில் வந்து, பாயில், தோளுக்கு அருகே உட்கார்ந்தார்.

"அம்மா," என்றார்.

"நூத்தி ரெண்டு, நூத்தி மூணு..."

"அம்மா. அன்னைக்கு உங்க பொண்ணு சொல்ல வந்தது..."

ஊசி பிடித்த கை சற்றே உயர்ந்து, பொறு என்பதுபோல் அசைந்தது. கண் நூலை விட்டு அகலவில்லை.

"இரு அம்மிணி, எண்ணீட்டு இருக்கறேன். நூத்தி நாலு, நூத்தி அஞ்சு, நூத்தி ஆறு..."

குரலை உயர்த்தி எண்ணினாள். பக்கத்தில் பேச்சு வந்தால் எண்ணிக்கை தவறாமல் இருக்க அப்படித்தான் செய்வாள்.

மாசிலாமணி காத்திருந்தார்.

நூற்றிருபது. நூற்று முப்பது. இன்னொரு தடவை வாயைத் திறந்தார். எண் இன்னும் கொஞ்சம் சத்தமாக வந்தது. மூடிக்கொண்டார்.

ஏழெட்டு நிமிஷம் இருக்கும். நூற்று எழுபதைத் தாண்டும்போது அவர் பாயிலிருந்து எழுந்தார். அவள் கவனிக்கவில்லை.

"நூத்தி எழுபத்தெட்டு, நூத்தி எழுபத்தொம்பது, நூத்தி எம்பது."

கடைசிக் கண்ணியை இழுத்தாள். விரலால் ஒரு தடவை ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். சரியாக இருந்தது. முகம் மலர்ந்தது. மாசிலாமணி அவளைப் பார்த்த இருபத்திரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"முடிஞ்சுது," என்று நிமிர்ந்தாள். "இப்பச் சொல்லுங்க, என்னமோ கேட்டீங்களே?"

பக்கத்தில் யாரும் இல்லை. மாசிலாமணி வாசலில் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "நீங்க பின்னுங்க."

மரகதத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

இந்த வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். இதே நாலு மணிக்கு, இதே போல வாசலில் குனிந்து செருப்பு வாரைப் போட்டபடி ஒருத்தி சொன்னாள். ஒன்றுமே பேசவில்லை என்று யாரைப் பற்றி மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளோ, அவள்தான் சொன்னாள். அதற்கு முன்னால் பாயில் வந்து தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள்.

அம்மிணி என்று மரகதம் இந்த உலகத்தில் கூப்பிட்டது ஒருத்தியைத்தான்.

மடியில் போர்வை கிடந்தது. நூற்றெண்பது கண்ணி. ஒன்றுகூடக் குறையவில்லை.